அடுப்படி ஆபீசும் பன்னிரண்டு சொந்தக்காரர்களும்

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொல்லிவைத்தவர்கள் நல்லவர்கள்தான். மலைமேல் மூன்று நாள் தங்க அடுப்படியோடு ஒரு வீடு கேட்டுப் பார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், அகரத்துப் பழனிக்குமார் கொஞ்சம் யோசித்திருப்பான்.

அவன் ஆசை ஒன்றும் பெரிதில்லை. மகள் பவித்ராவுக்குப் பதினோரு வயது. மேற்கே தெரிகிற மலையைத் தினமும் மொட்டைமாடியில் நின்று பார்க்கிறாள். அதில் கால் வைத்ததில்லை. காரணம் நிலக்கடலை. நான்கு வயதில் ஒரு கல்யாண வீட்டில் சட்னி தொட்டு அரை இட்லி தின்றவள், முகம் வீங்கி மூச்சு முட்டி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்து பிழைத்தாள். கடலை என்ற பேச்சே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று தலைமுறையாகக் கடலை போட்ட தோட்டத்தைப் பழனிக்குமார் அந்த வாரமே உழுது போட்டுச் சம்பங்கி நட்டான்.

அன்றிலிருந்து வெளியில் யார் எதைக் கொடுத்தாலும், அம்மாவே கொடுத்தாலும், வாயில் வைக்குமுன் பவித்ரா கேட்பாள்: "இதுல கடலை இருக்காப்பா?" பிள்ளை அப்படிக் கேட்கும்போதெல்லாம் தாய் பானுப்ரியா அதை வாங்கி இன்னொரு முறை முகர்ந்து பார்ப்பாள். ஓட்டலில் விசாரித்தால் "கடலையா, இல்லவே இல்லண்ணே" என்பார்கள். எண்ணெய் என்ன எண்ணெய் என்றால் "எல்லாரும் ஊத்துறதுதான்" என்பார்கள். ஆகவே இந்தக் குடும்பம் எங்கேயாவது போய்த் தங்குவதென்றால் பானுப்ரியா கையால் ஆக்கித்தான் சாப்பிட வேண்டும். அதற்கு அடுப்படி வேண்டும்.

மலைமேல் தேசியப் பூங்காவைச் சுற்றி அடுப்பில்லாத அறை எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். அடுப்புள்ள வீடு என்றால் அதற்கென்று ஒரு வாரியம் இருக்கிறது. மலைப் பூங்கா அண்மைச் சமையலறையுடன்கூடிய குடும்பத் தங்குமிடத் தேர்வு வாரியம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். கடைசியிலுள்ள 'வாரியம்' பக்கத்துப் பிரியாணிக் கடைச் சுவரில் போய் முடிந்திருந்தது. டவுன் பஸ் கண்டக்டர்கள் அவ்வளவு மூச்சுக்கு எங்கே போவார்கள்? "அடுப்படி ஆபீஸ் எறங்கு" என்பதோடு சரி.

பழனிக்குமார் ஒரு திங்கட்கிழமை திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சம்பங்கியை இறக்கிவிட்டு, கையில் ஒட்டிய வாசத்தோடு அங்கே போய் இறங்கினான். கவுண்டரில் சகாயராணி என்ற உதவியாளர் இருந்தார். நல்ல மாதிரியான அம்மாள். யாரையும் கடிந்து பேசமாட்டார். யாருக்கும் எதையும் சொல்லவும் மாட்டார்.

"எந்த வீடு வேணும் சார்?"

"என்னென்ன வீடு இருக்கு மேடம்?"

"பதினாலு இருக்கு. ஒண்ணுலருந்து பதினாலு வரைக்கும்."

"ஒவ்வொண்ணும் எப்படி இருக்கும்? படம் எதுவும் இருக்கா?"

சகாயராணி சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "படம் இருக்கு சார். ஆனா காட்டக் கூடாது. படத்தப் பாத்தா நீங்க நல்லா இருக்கறதக் கேட்டுருவீங்க. அது ஆசை. வாரியத்துக்கு வேண்டியது தேர்வு."

பழனிக்குமார் தலையைச் சொறிந்தான். "அப்ப ஏழு" என்றான்.

"ஏன் ஏழு? காரணம் நூறு வார்த்தைக்குக் குறையாம எழுதணும்."

பார்க்காத வீட்டைப் பற்றி நூறு வார்த்தை எழுதுவது லேசா? மகள் பிறந்தது ஏழாம் தேதி என்று ஆரம்பித்தான். அது நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. மீதிக்கு வாரத்துக்கு ஏழு நாள், சுரம் ஏழு, கடல் ஏழு என்று தனக்குத் தெரிந்த ஏழையெல்லாம் வரிசையாக எழுதி நீட்டினான். சகாயராணி படித்துப் பார்த்து, "ரொம்ப ஆழமா இருக்கு சார்" என்று முத்திரை குத்தினார்.

அடுத்தது குடும்ப உறுதிப்பாட்டுப் பிரிவு. தங்குமிடம் குடும்பத்துக்கு மட்டும் என்பதால் வருகிறவர்கள் குடும்பம்தானா என்று அங்கே சோதிப்பார்கள். ரேஷன் அட்டை, ஆதார், கல்யாணப் பத்திரிகை, மாலையும் கழுத்துமாக எடுத்த படம் எல்லாவற்றையும் பழனிக்குமார் மனைவியோடு போய்ப் பரப்பி வைத்தான். பிரிவு அலுவலர் இனிகோ அவற்றை ஒரு விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"இதெல்லாம் தாள் சார். நாங்க தாள நம்புறதில்ல. நீங்க ரெண்டு பேரும் செத்த நேரம் சண்டை போடுங்க. குடும்பமா இல்லையான்னு நான் பாத்துச் சொல்லிருவேன்."

பானுப்ரியா புருஷனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். இரண்டு பேருக்கும் வெட்கம் வந்துவிட்டது. இனிகோ பேனாவை மூடிவிட்டு, "வரலேன்னா விடுங்க. 'சந்தேகத்துக்குரிய இணக்கம்'னு எழுதிர்றேன்" என்றார். எந்த வீட்டைக் கேட்டிருக்கிறோம் என்று பானுப்ரியா அப்போதுதான் விசாரித்தாள். ஏழு என்றான். ஏன் ஏழு என்றாள். காரணம் எழுதிய தாளின் நகலை எடுத்துக் கொடுத்தான்.

"கடல் ஏழுன்னா எழுதிக் கொடுத்தீங்க? ஏங்க, மலைக்குப் போறதுக்குக் கடல் எதுக்குங்க? ஒங்களுக்கு ஒரு நம்பரக்கூடப் பாத்துக் கேக்கத் தெரியாதா? அன்னைக்கு அந்த மோட்டாரையும் இப்படித்தான் கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டு வந்தீங்க!"

"மோட்டாரு பேச்ச எடுக்காத பானு!"

"நான் எடுக்கல, அதுவே எந்திரிச்சு வந்து நிக்கிது, தண்ணிதான் வரல!"

மோட்டாரில் தொடங்கி மாமனார் வீட்டுச் சீரில் ஏறி, அங்கிருந்து ஒரு மாமன் மகளின் பெயர்வரை சண்டை போனபோது இனிகோ எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்துப் பிரிவுக்காரர்களும் எட்டிப் பார்த்தார்கள். 'சிறந்த குடும்பம்' என்று சான்று வந்தது. அந்தச் சான்றின் புண்ணியத்தில் இருவரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவது கட்டம் சமையல் சோதனை. அடுப்படி கேட்பவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று வாரியம் கண்ணால் பார்க்க வேண்டும். மூன்றாவது மாடியில் அதற்கென்றே ஓர் அடுப்படி இருந்தது. பானுப்ரியா சொந்தப் பாத்திரம், சொந்த நல்லெண்ணெய், சொந்த மிளகாய்த்தூளோடு போனாள். கத்தரிக்காய்ச் சாம்பார், மொச்சைக் குழம்பு, வெஞ்சனத்துக்கு முருங்கைக்கீரைப் பொரியல், அப்பளம். சாம்பார் கொதித்து வாசம் கீழ்மாடிக்கு இறங்கியதும் பைல்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. படியில் காலடிச் சத்தம் கேட்டது.

இந்த இடத்தில்தான் பானுப்ரியா தப்புச் செய்தாள். நம் பக்கத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. மூன்று பேருக்கு ஆக்க வேண்டியவள், ஓர் ஆபீசுக்குள் ஆக்குகிறோம், நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க நாம் மட்டும் எப்படிச் சாப்பிடுவது என்று உலையில் கூடக் கொஞ்சம் அரிசியைப் போட்டுவிட்டாள். கையைக் கட்டி நின்ற அலுவலர்களைப் பார்த்து, "வாங்க சார், ஒரு வாய் சாப்பிடுங்க" என்று வேறு சொல்லிவிட்டாள். பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். தேர்வு அலுவலர் ராயப்பராஜ், அந்த ஆபீசின் தலைவர், மூன்று முறை சாம்பார் வாங்கினார். நாலாவது முறைக்குத் தட்டை நீட்டி, "சோதனை முழுசா இருக்கணும்ல?" என்றார்.

ஒரு வாரம் கழித்து வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது.

'விண்ணப்பத்தில் கண்ட குடும்ப உறுப்பினர்: மூவர். சோதனையில் சமைக்கப்பட்ட சோறு: பதினைந்து பேருக்குப் போதுமானது. ஆகவே பன்னிரண்டு உறுப்பினர்கள் வாரியத்திடம் மறைக்கப்பட்டுள்ளனர் என முடிவு செய்யப்படுகிறது. மறைக்கப்பட்ட பன்னிரண்டு பேருடன் நேரில் ஆஜராகவும்.'

பழனிக்குமார் நோட்டீசை இரண்டு முறை படித்தான். பிறகு மனைவியிடம் கொடுத்தான். அவள் ஒரே முறைதான் படித்தாள். "வாங்க போவோம்" என்றாள்.

ராயப்பராஜ் அறையில் மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. மேசை இழுப்பறை நிறைய வறுகடலை. தோலை உடைத்து, உள்ளங்கையில் வைத்து ஊதி, வாயில் போட்டுக்கொண்டேதான் அவர் அரசாங்கம் நடத்துவார். கடலைத்தோல் பறந்து வந்து விண்ணப்பத்தின்மேல் உட்கார்ந்தது. பழனிக்குமாருக்கு அதைப் பார்க்கவே உடம்பு கூசியது. நல்லவேளை, பவித்ரா பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

"சார், நாங்க மூணே பேருதான். அந்தப் பன்னெண்டு பேரு எங்க குடும்பமே இல்ல."

ராயப்பராஜ் பெரிய மனதோடு சிரித்தார். "தம்பி, நான் இந்த வாரியத்துல இருவத்தேழு வருஷமா இருக்கேன். ஒருத்தரக்கூட தப்பான வீட்டுக்கு அனுப்புனதில்ல. ஏன் தெரியுமா? ஒருத்தரயும் அனுப்புனதே இல்ல. அம்புட்டுக் கவனம். வாரியம் பன்னெண்டுன்னு எழுதிட்டா பன்னெண்டுதான். இல்லாத ஆள நீக்கணும்னா, அந்த ஆளே நேர்ல வந்து 'நான் இல்ல'ன்னு கையெழுத்துப் போடணும்."

"இல்லாதவன் எப்படி சார் வருவான்?"

"அதான் சொல்றேன். யாரும் வரல. அதனால எல்லாரும் இருக்காங்க."

பழனிக்குமாருக்கு மொட்டைமாடியில் நிற்கிற மகள் முகம் கண்முன் வந்தது. இந்தக் கோடை விடுமுறையும் போய்விட்டால் அடுத்த வருஷம் பெரிய பள்ளி, அதற்கடுத்த வருஷம் டியூஷன். பிள்ளை வளர்ந்து மலையையே மறந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. சட்னியில் தொடங்கி ஆஸ்பத்திரிவரை சொன்னான். அடுப்படி எதற்கு என்பதை இத்தனை நாளில் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்காமலே சொன்னான்.

ராயப்பராஜ் உண்மையாகவே உருகிவிட்டார். கடலையை மென்றுகொண்டே சிவப்பு மையை எடுத்து, பைலின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'இக்குடும்பத்தார் எவரும் நிலக்கடலையைத் தொடார், உடன் கொண்டுவரார். உயிர் காக்கும் நிபந்தனை.' கையெழுத்தும் போட்டார். "பாருங்க, வாரியத்துக்கும் மனசு இருக்கு. இப்ப அந்தப் பன்னெண்டு பேருக்கு வருவோம்."

பானுப்ரியா வாயைத் திறந்தாள்.

"சார், அன்னைக்கு உக்காந்து சாப்பிட்டது யாரு?"

"நாங்கதான்."

"எத்தன பேரு?"

ராயப்பராஜ் விரல்விட்டு எண்ணினார். சுவரைப் பார்த்தார். கடலையை மெல்வதை நிறுத்தினார்.

"அப்ப அந்தப் பன்னெண்டு பேரு நீங்கதான சார்? ஒங்கள எங்க குடும்பத்துல எழுதிக்கிட்டா கணக்கு நேராயிரும்ல?" அவள் நக்கலாகத்தான் சொன்னாள். ஆனால் நக்கல் ஆபீசுக்குள் நுழைந்தால் ஆணையாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியாது.

"அம்மா சொல்றது சட்டப்படி சரி" என்றார் ராயப்பராஜ். "மலைக்கும் போயி வெகு நாளாச்சு."

மறுநாள் உத்தரவு வந்தது. வீட்டு எண் ஏழு, மூன்று நாள், பதினைந்து பேர் கொண்ட ஒரே குடும்பம். ராயப்பராஜ் பெரியப்பா என்றும், சகாயராணி சித்தி என்றும், இனிகோ சம்பந்தி என்றும் பதிவாகியிருந்தது. அடியில் ஒரு குறிப்பு: 'வாரிய வேனில் இருக்கை பன்னிரண்டு. ஆகவே விண்ணப்பதாரர் மூவரும் பஸ்ஸில் வந்து சேரவும். வந்ததும் மதியச் சமையலைத் தொடங்கவும்.'

பழனிக்குமார் அரிசி மூட்டையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "பிள்ள மலையப் பாத்தாப் போதும் பானு. பன்னெண்டு பேருக்கும் சேத்து ஆக்கிப் போடுவோம்."

"ஆக்குறது பெரிசில்லீங்க. அந்தாளு பாக்கெட்டு நெறையக் கடலையோட வருவாரே, அது என்ன பண்ண?"

அவன், கடலை பட்டுவிட்டால் போட டாக்டர் கொடுத்த ஊசி பையில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்துக்கொண்டான்.

வத்தலக்குண்டு தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியபோது பவித்ரா ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி, சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஒரு பர்லாங்கு நடந்தால் ஏழாம் எண் வீடு. சும்மா சொல்லக்கூடாது, நல்ல வீடு. பின்னால் புல்வெளி, அதற்கப்பால் பூங்காவின் காடு. எதிரே தடுப்புக் கம்பிக்குப் பின்னால் ஒரு நாற்காலி. நாற்காலியில் காவலர் சடையாண்டி, மடியில் தடித்த ஒரு புத்தகம்.

சடையாண்டி இருபது வருஷமாக அங்கே காவல். அந்த இருபது வருஷத்தில் யாரும் வந்து தங்கியதில்லை. தினமும் வீட்டைக் கூட்டித் துடைத்து, அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்து அணைத்துவிட்டு, வாரியத்தின் விதிமுறைப் புத்தகத்தைப் படிப்பார். அங்கே படிப்பதற்கு வேறொன்றும் இல்லை. பைபிள் படிக்கிறவர்கள் வசனம் சொல்வதைப் போல அவர் விதி எண் சொல்வார்.

உத்தரவை வாங்கிப் படித்தார். அதோடு இணைத்திருந்த பைலின் நகலைப் புரட்டினார். பையைச் சோதித்தார். நல்லெண்ணெய் பாட்டிலை முகர்ந்து பார்த்துத் தலையாட்டினார். "மூணு பேரு சரி. உள்ள போங்க. மிச்சம் பன்னெண்டு?"

வேன் வந்து நின்றது. ராயப்பராஜ் குளிருக்குக் குல்லாய் போட்டு, காகிதப் பொட்டலத்திலிருந்து கடலையை உடைத்துக்கொண்டே இறங்கினார். வரும் வழியில் வாங்கிய சூட்டோடு எல்லார் கையிலும் பொட்டலம் இருந்தது. பழனிக்குமார் மகளை இழுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

சடையாண்டி கம்பியைத் தூக்கவில்லை. "யாரு நீங்க?"

"இவங்க குடும்பம்ப்பா. நான் பெரியப்பா" என்றார் ராயப்பராஜ்.

"கையில என்ன?"

"கடல. ஒனக்கு வேணுமா?"

சடையாண்டி பைலின் முதல் பக்கத்தை எடுத்து நிதானமாக, சத்தமாகப் படித்தார். "'இக்குடும்பத்தார் எவரும் நிலக்கடலையைத் தொடார், உடன் கொண்டுவரார். உயிர் காக்கும் நிபந்தனை.' கீழ கையெழுத்து, தேர்வு அலுவலர். கடலையோட வந்தவன் இந்தக் குடும்பம் இல்ல. எறங்குன வண்டியிலயே ஏறுங்க."

"ஏலே, அந்தக் கையெழுத்தே என்னுதுடா! நான்தான் தேர்வு அலுவலர்!" ராயப்பராஜ் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டினார். பின்னால் பதினொரு அட்டைகள் உயர்ந்தன.

சடையாண்டி அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். இருபது வருஷத்தில் மேலே ஏறி வந்த முதல் ஆபீசர் என்பதால் மரியாதையாக எழுந்து நின்றார். நின்றபடியே புத்தகத்தைப் புரட்டினார். "விதி நாப்பத்தொண்ணு. வாரிய ஊழியர் எவரும் இவ்வீடுகளில் தங்கத் தகுதியற்றவர். ஐயா, ஒண்ணு சொல்லுங்க. நீங்க ஆபீசரா, குடும்பமா? ஆபீசர்னா உள்ள விடமாட்டேன். குடும்பம்னா கடலைக்கு விடமாட்டேன்."

வேனுக்குள்ளிருந்து சகாயராணி எட்டிப் பார்த்து, "ரொம்ப ஆழமா இருக்கு சார்" என்றார்.

ராயப்பராஜ் செய்வதறியாமல் கடலையைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். சட்டென்று பொட்டலத்தைக் கீழே போட்டார்.

"கொட்டுனாலும் ஆகாது ஐயா. தொட்டாச்சு" என்றார் சடையாண்டி. "ஆட்சேபணை இருந்தா திண்டுக்கல் ஆபீசுல திங்கக்கெழம பத்து மணிக்கு மனுக் கொடுங்க. நல்லா விசாரிச்சுச் சொல்லுவாங்க."

அதைக் கேட்டதும் ராயப்பராஜின் முகம் வெளிறியது. "அந்த ஆபீசா? ஐயோ, அங்க குடுத்தா நடக்காதுப்பா! எனக்குத் தெரியாதா?"

வேன் திரும்பி இறங்கியது. கடைசி வளைவுவரைக்கும் ஜன்னல் வழியாக ஓர் அட்டை ஆடிக்கொண்டிருந்தது. சடையாண்டி கீழே கிடந்த தோலையும் பொட்டலத்தையும் ஒன்றுவிடாமல் கூட்டி அள்ளி, தூரக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து சோப்புப் போட்டுக் கைகழுவினார். அது எந்த விதியிலும் இல்லை. பழனிக்குமாருக்கு அழுகை வந்துவிட்டது.

பானுப்ரியா அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் அரிசி அளக்கும்போது பழனிக்குமார் பதறினான். "அளவாப் போடு பானு, மூணு பேருக்கு!" அவள் கேட்கவில்லை. இன்னும் ஒரு பிடி போட்டாள்.

சடையாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவர் தயங்கினார், இதற்கு என்ன விதி என்று யோசித்தார், பிறகு, சுடுசோற்றுப் பானையை வைக்கத் தரையில் இடம் வேண்டும் என்று பானுப்ரியா சொன்னதும், விதிமுறைப் புத்தகத்தை எடுத்து அடியில் வைத்தார். பானை ஆடாமல் நின்றது.

பவித்ரா ஜன்னலோரம் தட்டை வைத்துக்கொண்டு, பின்பக்கப் புல்வெளியைப் பார்த்தபடி சாப்பிட்டாள். முதல் வாய், இரண்டாவது வாய், மூன்றாவது வாய். பழனிக்குமார் பழக்கத்தில் 'கடலை இல்லம்மா' என்ற பதிலை வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தான். அவள் கேட்கவே இல்லை. தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கேட்டாள்.

"இன்னும் இருக்காம்மா?"